கழற்றிய பலகம் திரும்பி வரும் இடம்

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குகிறவர்களுக்காக ஒரு டெஸ்க்டாப் செயலியை எழுதிப் பராமரித்து வருகிறேன். நடுவில் எழுதும் பகுதி. அதைச் சுற்றி அலைவடிவம், நிறமாலைப் படம் (ஒலியில் உள்ள அதிர்வெண்களை நேரவாரியாகக் காட்டும் படம்), பேசுவோர் பட்டியல், குறிப்புகள் எனப் பலகங்கள். இவற்றில் எதை வேண்டுமானாலும் சுட்டியால் பிடித்து இழுத்துத் தனிச் சாளரமாக வெளியே வைக்கலாம். வேலை முடிந்ததும் பழையபடி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம். பயன்படுத்துகிறவருக்கு இது ஒரு சின்ன வசதி. எழுதுகிறவருக்கோ, செயலியின் கட்டுமானம் முழுவதையும் உலுக்கிப் பார்த்துவிடுகிற வேலை. இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலகத்தைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. கழற்றிய பலகம் எங்கிருந்து போனதோ அங்கேயே, போன அளவிலேயே திரும்பி வர வேண்டும். செயலியை மூடித் திறந்தாலும், இரண்டாவது மானிட்டரைப் பிடுங்கிவிட்டாலும், பயனர் ஆற அமர அமைத்து வைத்த அமைப்பு குலையக் கூடாது. அந்த உறுதியைத் தர முடியாவிட்டால் பலகங்களை அசையாமல் ஓரிடத்தில் வைப்பதே மேல்.

எதற்காக இந்தப் பாடு என்று கேட்கலாம். எழுத்தாக்கம் செய்கிற ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் விளங்கும். இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடம் வந்தால், அவர் நிறமாலைப் படத்தைப் பெரிதாக்கி, எந்தக் குரல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரித்துப் பார்க்கிறார். அப்போது அந்தப் படம் ஒரு முழுத் திரையையும் கேட்கிறது. தெளிவான பேச்சு வந்துவிட்டால் அதற்கு வேலையே இல்லை. எழுதும் பகுதிதான் அகலமாக இருக்க வேண்டும். ஒரே கோப்பில், ஒரே மணி நேரத்தில், தேவை இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது. இதற்கு ஒரே ஓர் அமைப்பை நான் முடிவு செய்து கொடுத்தால், அது யாருக்கும் முழுதாகப் பொருந்தாது.

ஜிம்ப் படச்செயலியின் வரலாற்றை இதற்குச் சான்றாகச் சொல்வேன். நெடுங்காலம் அதன் கருவிப்பெட்டியும் அடுக்குப் பட்டியலும் தனித்தனிச் சாளரங்களாகவே மிதந்துகொண்டிருந்தன. 2012இல் வந்த 2.8 பதிப்பில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் ஒற்றைச் சாளர முறை விருப்பத்தேர்வாக வந்தது. 2018இல் வெளியான 2.10 பதிப்பில் அதுவே இயல்பான முறையானது. பழைய முறையையும் எடுத்துவிடவில்லை. இரண்டு தரப்பினருக்கும் இடம் வைத்த அந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

என் செயலியின் முதல் பதிப்பை பைத்தானில், டிகின்டர் என்ற சாளரக் கருவித்தொகுப்பைக் கொண்டு எழுதியிருந்தேன். அதில் டாக்கிங், அதாவது பலகங்களை ஓரத்தில் ஒட்டவும் கழற்றவும் உதவும் வசதி, தயாராகக் கிடையாது. ஆனால் டிகின்டரின் அடித்தளமான டிகேயில், 8.5 பதிப்பு முதல் 'டபிள்யூஎம் மேனேஜ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. சாளரத்துக்குள் இருக்கும் ஒரு ஃபிரேமை (மற்ற உறுப்புகளைத் தாங்கும் சட்டகத்தை) அது அப்படியே தனிச் சாளரமாக்கிவிடும். 'டபிள்யூஎம் ஃபர்கெட்' என்றால் மறுபடி சாதாரண ஃபிரேம். டிகேயின் பழைய வகை ஃபிரேம்களுக்குத்தான் இது செல்லும், பின்னாளில் வந்த டிடிகே வகை ஃபிரேமுக்குச் செல்லாது. ஆகவே பலகத்தின் வெளி உறையைப் பழைய வகையில் வைத்து, உள்ளே இருப்பவற்றை டிடிகேயில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. டிகேயில் ஒரு விட்ஜெட்டின் (சாளர உறுப்பின்) பெற்றோரை, அதாவது அது எந்த உறுப்புக்குள் பிறந்ததோ அதை, பிறகு மாற்ற முடியாது. எனவே எல்லாப் பலகங்களையும் முதன்மைச் சாளரத்தின் நேரடிப் பிள்ளைகளாகவே உருவாக்கி, இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் பிரிப்பான்களுக்குள் பிறகு சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும்போது, பிரிப்பானுக்கு முன்பே பிறந்த பலகம் அதன் அடியில் மறைந்து கிடக்கும். 'ரெய்ஸ்' சொல்லி மேலே தூக்கிவிட்டால்தான் கண்ணுக்குத் தெரியும்.

இவ்வளவும் ஒரு பொழுதில் கைவந்துவிடும். அசல் வேலை பலகங்களின் அமைப்பை எந்த வடிவத்தில் மனத்தில் வைத்துக்கொள்வது என்பதில் தொடங்குகிறது.

டாக்கிங் செய்யும் நிரலகங்களில் பெரும்பாலானவை இதை ஒரு மரமாகவே பார்க்கின்றன. ஒவ்வொரு கிளையும் ஒரு பிளவு: கிடைமட்டம் அல்லது செங்குத்து. ஒவ்வோர் இலையும் ஒரு பலகம், அல்லது டேப்களாக அடுக்கிய சில பலகங்கள். என் செயலியின் இடப்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு செங்குத்துப் பிளவு. மேலே பேசுவோர் பட்டியல், கீழே குறிப்புகள். இப்போது பயனர் பேசுவோர் பட்டியலைக் கழற்றி வெளியே வைக்கிறார். பிளவில் மீந்திருப்பது குறிப்புகள் மட்டும். ஒற்றைப் பிள்ளையோடு ஒரு பிளவு எதற்கு என்று அதைக் கலைத்து, குறிப்புகளை நேராக மேல்கிளையில் மாட்டிவிடத்தான் நிரல் எழுதுகிறவருக்குக் கை வரும். தரவு அமைப்பு என்ற அளவில் அது சரியும்கூட. அடுத்து பயனர் குறிப்புகளையும் கழற்றுகிறார். இடப்பக்கமே காணாமல் போகிறது. பிறகு பேசுவோர் பட்டியலின் தலைப்புப்பட்டையில் இரட்டைச் சொடுக்கு: திரும்பிப் போ என்று பொருள். எங்கே போகும்? அது இருந்த பிளவும் இல்லை, பக்கத்தில் இருந்த துணையும் இல்லை. நிரல் ஏதோ ஓர் ஓரத்தில் கொண்டுபோய் ஒட்டுகிறது. பயனர் அலுத்துப்போய் இனி எதையும் கழற்றுவதில்லை என்று முடிவு செய்துவிடுகிறார். அந்த அலுப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அது நியாயமானது.

தீர்வு எளிமையானது. பலகம் வெளியே போகும்போது அதன் இலையை மரத்திலிருந்து வெட்டாதீர்கள். நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைப்பதைப் போல, அங்கே கண்ணுக்குத் தெரியாத ஓர் இலை இருக்கட்டும். பலகத்தின் பெயரும் கடைசியாக இருந்த அளவும் அதில் இருந்தால் போதும். திரையில் வரையும்போது மறைந்த இலைகளைத் தாண்டிச் செல்லுங்கள். பிள்ளைகள் எல்லாமே மறைந்திருந்தால் அந்தப் பிளவையும் தாண்டுங்கள். பயனர் அந்தப் பலகத்தை வேறோர் இடத்தில் ஒட்டினால் மட்டும் பழைய இலையை நீக்கி, ஒற்றைப் பிள்ளைப் பிளவுகளைக் கலையுங்கள். இந்த விதியைக் கடைப்பிடித்தால் பேசுவோர் பட்டியல் முதலில் திரும்பினாலும், குறிப்புகள் முதலில் திரும்பினாலும், கடைசியில் மேலிருந்தது மேலேயும் கீழிருந்தது கீழேயும் வந்து நிற்கும்.

அளவு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எல்லாவற்றையும் விகிதமாகச் சேமிப்பது பலருடைய வழக்கம். 1920 பிக்சல் அகலத் திரையில் 300 பிக்சல் எடுத்துக்கொண்ட பட்டியல், அதே எழுத்தளவில் 3840 பிக்சல் திரைக்குப் போனால் 600 பிக்சலாக வீங்கிவிடும். பெயர்ப் பட்டியலுக்கு அவ்வளவு அகலம் எதற்கு? ஓரப் பலகங்களைப் பிக்சலில் வையுங்கள். கூடுவதும் குறைவதும் நடுப்பகுதியின் பாடாக இருக்கட்டும். ஓரத்துக்குள்ளேயே மேலும் கீழும் பிரியும் இடங்களுக்கு விகிதம் பொருந்தும்.

இப்போதைய பதிப்பு க்யூட் கருவித்தொகுப்பில் இருக்கிறது. அங்கே இந்த மர வேலையை, முதன்மைச் சாளரத்துக்கான க்யூமெயின்விண்டோ தானே பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு பலகத்தையும் ஒரு க்யூடாக்விட்ஜெட்டுக்குள் வைத்து ஓர் ஓரத்தில் சேர்த்தால், இழுப்பது, மிதப்பது, டேப்களாக அடுக்குவது எல்லாம் வந்துவிடும். ஓர் ஓரத்துக்குள் பல திசைகளில் பிளக்க வேண்டுமானால் 'டாக் நெஸ்டிங்' என்ற விருப்பத்தை இயக்க வேண்டும். மூலைகள் எந்த ஓரத்துக்குச் சேரும் என்பதை 'செட்கார்னர்' முடிவு செய்கிறது. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் பலகம் எங்கும் ஒட்டாமல் மிதக்கும். இதை உதவிப் பக்கத்தில் எழுதி வையுங்கள், பயனர்கள் தாமாகக் கண்டுபிடிப்பது அரிது.

அமைப்பைச் சேமிக்க 'சேவ்ஸ்டேட்', மீட்க 'ரீஸ்டோர்ஸ்டேட்'. இவை பலகங்களை அடையாளம் காண்பது 'ஆப்ஜெக்ட்நேம்' என்ற பெயரைக் கொண்டு. ஒவ்வொரு பலகத்துக்கும் கருவிப்பட்டைக்கும் அந்தப் பெயர் தனித்தனியாக இருந்தாக வேண்டும். தலைப்பில் தெரியும் சொல்லையே அதற்கு வைக்கக் கூடாது. பயனர் இடைமுக மொழியை மாற்றினால் தலைப்பு மாறும். பெயரும் கூடவே மாறினால் சேமித்த அமைப்பு யாருடையது என்றே நிரலுக்குத் தெரியாமல் போகும். சேவ்ஸ்டேட் ஒரு பதிப்பு எண்ணையும் வாங்கிக்கொள்ளும். மீட்கும்போது எண் பொருந்தாவிட்டால் ரீஸ்டோர்ஸ்டேட் எதையும் தொடாமல் தோல்வி என்று மட்டும் சொல்லும். பலகங்களை அடியோடு மாற்றியமைக்கும் வெளியீட்டில் இந்த எண்ணை உயர்த்துவது நல்லது. தேவைப்படும்போது மட்டும் உருவாகும் பலகம் இருந்தால், அது பிறந்தபின் 'ரீஸ்டோர்டாக்விட்ஜெட்' அழைக்க வேண்டும். அதற்கென்று சேமித்த இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும்.

ஒரு பலகம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அறிய 'விசிபிலிட்டிசேஞ்ச்ட்' சிக்னலை (மாற்றம் நேர்ந்ததும் க்யூட் அனுப்பும் அறிவிப்பை) நம்பக் கூடாது. டேப்களில் ஒன்று முன்னே வந்து மற்றது பின்னே போனாலும் அந்த சிக்னல் எழும். பின்னால் இருக்கும் டேப் மூடப்படவில்லை, மறைந்துதான் இருக்கிறது. அந்த வித்தியாசம் தெரியாமல் நிறமாலைக் கணக்கீட்டை நிறுத்துவது வேறு, பலகம் மூடப்பட்டது என்று அமைப்புக் கோப்பில் எழுதுவது வேறு. முதலாவது சரி, இரண்டாவது தவறு. மெனுவில் வைப்பதற்கென்று க்யூடாக்விட்ஜெட்டே 'டாகிள்வியூஆக்ஷன்' ஒன்றைத் தருகிறது. மூடலையும் திறப்பையும் அதனிடம் கேளுங்கள்.

இனி, மிதக்கும் பலகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பலகம் வெளியே போகும்போது உண்மையில் அது இன்னொரு மேல்நிலைச் சாளரத்துக்குக் குடிபெயர்கிறது. எழுத்துப்பெட்டிக்கும் பட்டியலுக்கும் இதனால் தொல்லை இல்லை. வரைகலை அட்டை வழியே வரைய உதவும் ஓபன்ஜிஎல் கொண்டு வரையும் நிறமாலைப் பலகத்துக்கு உண்டு. அதற்கான க்யூட் உறுப்பான க்யூஓபன்ஜிஎல்விட்ஜெட் தன் மேல்நிலைச் சாளரம் மாறினால் பழைய வரைசூழலை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்ளும்; 'இனிஷியலைஸ்ஜிஎல்' மறுபடி அழைக்கப்படும். அந்தச் செயற்கூறு ஒரு முறைதான் ஓடும் என்று நினைத்து எழுதிய நிரலில், கழற்றிய நொடியே படம் வெறுமையாகும், அல்லது வரைகலை நினைவகம் கசியும். இதற்கு இரண்டு வழிகள். பழைய சூழல் அழியப்போகிறது என்று அறிவிக்கும் 'அபௌட்டுபீடிஸ்ட்ராய்ட்' சிக்னலைப் பிடித்து, டெக்ஸ்சர்களையும் ஷேடர்களையும் (வரைகலை அட்டையில் ஏற்றிய படங்களையும் சிறு நிரல்களையும்) விடுவித்துவிட்டுப் புதிதாக உருவாக்கலாம். அல்லது செயலி தொடங்கும்போதே, க்யூஅப்ளிகேஷன் உருவாகும் முன்பு, 'ஷேர்ஓபன்ஜிஎல்கான்டெக்ஸ்ட்ஸ்' என்ற பண்பை இயக்கிவிடலாம். அப்படிச் செய்தால் சாளரம் மாறினாலும் வளங்கள் பிழைத்திருக்கும். நான் இரண்டாவதைச் செய்திருக்கிறேன். ஒரு மணி நேர ஒலிப்பதிவின் நிறமாலையை மறுபடி கணக்கிட்டு ஏற்ற வைத்து, பயனரைக் காக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அதே காரணத்தால்தான் ஒலியை ஓட்டும் பகுதியை எந்தப் பலகத்துக்கும் சொந்தமாக்கவில்லை. அலைவடிவப் பலகத்தைப் பிடித்து வெளியே இழுக்கும்போதும் பேச்சு விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தேர்ந்தெடுத்த துண்டு, ஓடும் நேரம், உருப்பெருக்க அளவு யாவும் பலகங்களுக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கின்றன. பலகங்கள் அவற்றைப் பார்த்துக் காட்டுவதோடு சரி. டாக்கிங்கைச் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் இந்தப் பிரிவினையைச் செய்து முடிக்க வேண்டும் என்பேன். அது முடிந்துவிட்டால் மற்றதெல்லாம் பாதி வேலை.

அடுத்தது குறுக்குவிசைகள். எழுத்தாக்குகிறவரின் கை விசைப்பலகையிலேயே இருக்கும். ஓட்டு, நிறுத்து, இரண்டு விநாடி பின்னே போ, எல்லாமே விசைகள். க்யூட்டில் மிதக்கும் பலகம் 'டூல்' வகைச் சாளரமாகப் பிறக்கிறது. அந்த வகைச் சாளரத்தில் கவனம் இருக்கும்போதும் முதன்மைச் சாளரத்தின் குறுக்குவிசைகள் வேலை செய்யும்படி க்யூட் பார்த்துக்கொள்கிறது. ஆனால் டூல் சாளரத்துக்குப் பல இயங்குதளங்களில் பெரிதாக்கும் பொத்தான் இராது. நிறமாலையை முழுத்திரையாக்க விரும்புகிறவருக்கு அந்தப் பொத்தான் வேண்டும். எனவே பலகம் மிதக்கத் தொடங்கும்போது எழும் 'டாப்லெவல்சேஞ்ச்ட்' சிக்னலைப் பிடித்து, சாதாரணச் சாளர வகைக்கு மாற்றுவது வழக்கம். மாற்றியதும் சாளரம் மறைந்துவிடும். 'ஷோ' சொல்லி மீண்டும் காட்ட வேண்டும், அது எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும். எளிதில் தெரியாதது என்னவென்றால், முதன்மைச் சாளரத்தின் குறுக்குவிசைகள் அந்த நொடியிலிருந்து இந்தச் சாளரத்தில் செத்துப்போகின்றன. அவற்றின் எல்லையை 'அப்ளிகேஷன் ஷார்ட்கட்' என்று விரிவாக்கினால் உயிர் திரும்பும். மேக் கணினியில் இன்னொன்று: செயலியை விட்டு வேறு செயலிக்குப் போனால் டூல் சாளரங்கள் மறைந்துகொள்ளும். இன்னொரு செயலியில் ஆவணத்தைப் படித்துக்கொண்டே அலைவடிவத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக, அவற்றை எப்போதும் காட்டும் பண்பு க்யூட்டில் தனியாக இருக்கிறது. நான் அதை இயக்கி வைத்திருக்கிறேன்.

இழுக்கும் உணர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுட்டியை அழுத்தியதுமே பலகம் கிளம்பிவிடக் கூடாது. க்யூட் இயல்பாக 10 பிக்சல் நகர்ந்த பிறகே இழுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. அந்த அளவு எனக்குச் சரியாகப் படுகிறது. பலகம் எங்கே விழும் என்பதை விடுவதற்கு முன்பே காட்ட வேண்டும். மைக்ரோசாஃப்டின் நிரலெழுதும் செயலியான விஷுவல் ஸ்டுடியோவில் 2005 பதிப்பு முதல் இழுக்கும்போது திசைக்குறிகள் நடுவில் தோன்றுகின்றன. எந்தக் குறிமேல் சுட்டி இருக்கிறதோ அந்தப் பக்கம் நீலமாக நிழலாடும். இதைவிடத் தெளிவான வழியை நான் பார்த்ததில்லை. க்யூட்டின் சொந்த முறை வேறு: இழுத்துக்கொண்டு மேலே போகும்போதே மற்ற பலகங்கள் விலகி இடம் விடும். அழகாக இருக்கிறது, ஆனால் விலகுகிற ஒவ்வொரு பலகமும் மறுபடி வரையப்பட வேண்டும். மெதுவாக வரையும் பலகங்கள் இருந்தால் அசைவூட்டத்தை நிறுத்திவிடலாம் என்று அதன் ஆவணமே சொல்கிறது. திசைக்குறிகள்தான் வேண்டும் என்பவர்கள் க்யூட் அட்வான்ஸ்டு டாக்கிங் சிஸ்டம், கேடிடாக்விட்ஜெட்ஸ் ஆகிய தனி நிரலகங்களைப் பார்க்கலாம். டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் என்ற இன்னொரு கருவித்தொகுப்பில் எழுதுகிறவர்களுக்கு டபிள்யூஎக்ஸ்ஏயூஐ என்ற டாக்கிங் நிரலகம் உண்டு. மொத்த அமைப்பையும் ஒரே எழுத்துச் சரமாகச் சேமித்துத் தருவது அதன் தனிச் சிறப்பு. அந்தச் சரத்தைப் பயனர் ஒருவர் மற்றவருக்கு அனுப்பக்கூட முடியும்.

மானிட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அலுவலகத்தில் இரண்டு திரையோடு வேலை செய்தவர், மடிக்கணினியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். நிறமாலைப் பலகம் சேமிக்கப்பட்ட இடம் இப்போது எந்தத் திரையிலும் இல்லை. திறந்தவுடன் ஒவ்வொரு மிதக்கும் சாளரத்தின் தலைப்புப்பட்டையும் இருக்கிற ஏதாவது ஒரு திரைக்குள் பிடிக்கும்படி விழுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். விழாவிட்டால் அருகிலுள்ள திரைக்குள் நகர்த்த வேண்டும். இதோடு நின்றுவிடாமல் நான் இன்னொன்றும் செய்கிறேன்: திரைகளின் எண்ணிக்கையும் அளவும் சேர்ந்த ஒரு குறியீட்டின் கீழ் அமைப்பைத் தனித்தனியாகச் சேமிக்கிறேன். மறுநாள் அவர் திரும்பி வந்து கம்பியைச் செருகித் திறந்தால், இரண்டு திரைக்கான பழைய அமைப்பு அப்படியே காத்திருக்கும். ஒற்றைத் திரையில் அவர் செய்த மாற்றங்கள் அதைக் கெடுப்பதில்லை.

லினக்ஸில் வேலாண்ட் என்ற சாளரக் காட்சி நெறிமுறையில் ஓடும் மேசைச்சூழலில் இது முழுதாகக் கைகூடாது. சாதாரணச் சாளரம் திரையில் தான் எங்கே இருக்கிறது என்று அறியவோ, இங்கே போய் நிற்பேன் என்று கேட்கவோ அங்கே வழி கிடையாது. அந்த முடிவு, சாளரங்களைத் திரையில் சேர்த்துக் காட்டும் கம்போசிட்டரின் கையில். ஆகவே மிதக்கும் பலகத்தின் அளவை மட்டும் மீட்க முடியும், இடத்தை முடியாது. இதை மறைக்க முயலாமல், வேலாண்டில் ஓடும்போது ஒட்டிய பலகங்களுக்கே முதன்மை கொடுத்திருக்கிறேன். முந்தைய முறை மிதந்துகொண்டிருந்த பலகம் மெனுவில் ஒரு சொடுக்கில் தன் பழைய ஓரத்துக்கு வந்துவிடும்.

இப்போது செய்துகொண்டிருப்பது விசைப்பலகை வழி. சுட்டியைப் பிடிக்க முடியாதவர்களுக்கு இழுத்து ஒட்டும் வசதி இருந்தும் இல்லாததுதான். எழுத்தாக்கத் தொழிலில் கைவலியோடு வேலை செய்பவர்கள் பலர். அவர்களுக்காக ஒவ்வொரு பலகத்தின் தலைப்பிலும் ஒரு மெனு சேர்த்து வருகிறேன்: இடப்பக்கம் ஒட்டு, வலப்பக்கம் ஒட்டு, கீழே ஒட்டு, இன்ன பலகத்தோடு டேப்பாக அடுக்கு, கழற்று, பழைய இடத்துக்கே அனுப்பு. எல்லாமே விசையாலும் திறக்கும். பிரிப்பானை அம்புக்குறி விசைகளால் நகர்த்துவது மட்டும் இன்னும் பாக்கி; க்யூமெயின்விண்டோவின் 'ரீசைஸ்டாக்ஸ்' அழைப்பை வைத்து அதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வோர் அழுத்தலுக்கும் எத்தனை பிக்சல் நகர்ந்தால் கைக்கு இதமாக இருக்கும் என்பதை, அதைத் தினமும் பயன்படுத்தப்போகும் இருவரிடம் கொடுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்வேன்.